அஃப்சானாவின் கட்டைவிரல்

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி இடது கண்ணை மூடுகிறாள் அஃப்சானா. அதைத் திறந்து வலது கண்ணை மூடுகிறாள். மறுபடியும் இடது. எதிரே இருப்பவர் பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளி விற்கும் மாதப்பன். "என்னாம்மா, கண்ணுல தூசி வுழுந்துடுச்சா?" என்று கேட்கிறார் பாவம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியின் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்குத்தான் பதறுகிறது. அஃப்சானாவுக்கு அதெல்லாம் உறைக்காது. "அண்ணா, நீங்களும் செஞ்சு பாருங்க. கட்டவெரல நீட்டுங்க. இந்தக் கண்ணுல பாத்தா தராசு மேல நிக்குது, அந்தக் கண்ணுல பாத்தா கூடை மேல நிக்குது. வெரலு குதிக்குதா இல்லீங்களா?" மாதப்பன் முயல்கிறார். "அட, ஆமாம்மா!" என்று அவர் கத்தியதும் மனைவியும் விரலை நீட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையே ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வியாபாரம் நின்றுவிட்டது.

"அவ்ளோதாங்கண்ணா கேமரா!" என்று அறிவித்துவிட்டு, வாங்க வந்த தக்காளியை மறந்து நடையைக் கட்டுகிறாள். நான்தான் திரும்பிப் போய் வாங்கி வர வேண்டியிருக்கிறது.

தர்மபுரியில் என் வீட்டுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கிறாள் அஃப்சானா. கல்யாணங்களில் படம் எடுப்பது தொழில். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் கேமராக்காரர்கள் போக முடியாது என்பதால், பாலக்கோடு முதல் பென்னாகரம் வரை அவளுக்கு அழைப்பு வந்தபடி இருக்கும். அவள் கணவர் அப்துல் சுபான் கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். அவரிடம் இருக்கும் அத்தனை சட்டையும் கட்டம் போட்டவை. புது லென்ஸ் வந்தாலும் பழைய லென்ஸ் தகராறு செய்தாலும் முதலில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது அவரைத்தான். "வெறுஞ்சட்டை போட்ட ஆளைக் கேமரா மனுசனாவே மதிக்காதுங்கக்கா" என்பாள். பெருநாளைக்கு மாமியார் ஆசையாக வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

மற்றவர்கள் சீரியல் கதை சொல்வதுபோல் இவள் ஆட்டோ ஃபோக்கஸ் கதை சொல்வாள். அதுவும் என் சமையலறைதான் அவளுக்குப் பிடித்த இடம். "கேமரா டேப்பு புடிச்சு அளக்கறதில்லீங்கக்கா. டார்ச் அடிச்சுப் பாக்கறதில்ல. எதையும் வெளிய அனுப்பாது. சும்மா குந்திக்கிட்டு, தானா வர்ற வெளிச்சத்தை வெச்சே நீங்க எவ்ளோ தூரத்துல நிக்கிறீங்கன்னு சொல்லிடும்." சொல்லும்போதே அவள் குரல் ஏறும். எத்தனையாவது முறையாகச் சொன்னாலும் இப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரிச் சொல்வாள். எனக்கும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் சொல்வது இதுதான். லென்ஸின் இடது ஓரம் வழியாக நுழையும் வெளிச்சம் ஒரு படம். வலது ஓரம் வழியாக நுழைவது இன்னொரு படம். நம் இரண்டு கண்களைப் போலவே அவை ஒன்றுக்கொன்று விலகித் தெரியும். கேமரா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. விலகல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், லென்ஸ் முன்னால் நகர வேண்டுமா, பின்னால் நகர வேண்டுமா, எவ்வளவு நகர வேண்டும் எல்லாம் தெரிந்துவிடும். "ஒரே தாவு! போயி கப்புன்னு நிக்கும்."

அதே கேமராவுக்கு இன்னொரு புத்தியும் உண்டு. மேலே கண்ணை வைத்துப் பார்க்காமல் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால், இந்தத் தாவல் நடக்காது. லென்ஸ் கொஞ்சம் முன்னே போகும், தெளிவு கூடுகிறதா என்று பார்க்கும். இன்னும் போகும். தெளிவு குறைந்துவிட்டால், தாண்டிவிட்டோம் என்று திரும்பி வரும். "ரேடியோவுல ஸ்டேசன் புடிக்கறமில்ல, அந்த மாதிரிக்கா. முன்ன, பின்ன, முன்ன, பின்ன. மெதுவுதான். ஆனா வந்து நிக்கறப்ப சரியா நிக்கும்."

இரண்டு புத்திக்கும் எதிரி ஒன்றுதான், வெறுமை. வெள்ளைச் சுவர், மேகம் மூடிய வானம், பூவோ கரையோ இல்லாத துணி. அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் லென்ஸ் ஸ்ர்ர், ஸ்ர்ர் என்று முன்னும் பின்னும் தவித்துக்கொண்டே இருக்கும். வத்தல்மலைக்கு ஒருமுறை போனபோது பனிமூட்டத்தில் அவள் கேமரா அப்படித் தவித்ததைக் கேட்டிருக்கிறேன். அவளும் கூடவே தவித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சுபானின் கடை மூடியிருந்த நேரத்தில், அதன் இரும்பு ஷட்டர் முன்னால் என்னை நிறுத்தி ஒரு வேடிக்கை காட்டினாள். ஷட்டர் முழுக்கப் படுத்த கோடுகள். கேமராவுக்குள் கண்ணை வைத்தால் ஃபோக்கஸ் பிடிக்கும் புள்ளிகள் தெரியும். அதில் ஓரத்துப் புள்ளி ஒன்றை ஷட்டர்மேல் வைத்து அழுத்தினாள். ஸ்ர்ர், ஸ்ர்ர். பிடிக்கவில்லை. கேமராவை அப்படியே செங்குத்தாகத் திருப்பினாள். கப். பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா? ரெண்டு கண்ணும் பக்கவாட்டுல இருக்கறதால, நின்ன கோடுதான் குதிக்கும். படுத்த கோடு குதிச்சாலும் அதே எடத்துலதானே இருக்கும், அதுக்கு எப்படித் தெரியும்? நடுப்புள்ளி ரெண்டையும் படிக்கும்க்கா. மத்ததுக்கெல்லாம் ஒரு பக்கம்தான்." தெருவில் போன இருவர் நின்று, மூடிய ஷட்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் கேமராவை அவள் யார் கையிலும் தர மாட்டாள். எடுக்கும்போது மட்டும் என்றில்லை, எப்போதுமே. வார் கழுத்தை விட்டு இறங்காது. பந்தியில் பிரியாணி சாப்பிடும்போது கேமரா முதுகுப் பக்கம் போய்விடும், அவ்வளவுதான். அவள் பை, ஸ்டாண்டு, விளக்கு எல்லாவற்றையும் என்னிடம் சுமக்கக் கொடுப்பாள், கேமராவைத் தந்ததில்லை. யாராவது எடுத்த படத்தைக் காட்டச் சொன்னால் கழுத்தோடு குனிந்து காட்டுவாள். குள்ளமான பெண்களுக்குக் காட்ட முட்டி போட்டே உட்கார்ந்திருக்கிறாள்.

இவ்வளவு இருந்தும் ஒரு கல்யாணத்தை முழுதாக அவள் எடுத்ததில்லை. அவளை வேலைக்கு அழைக்கும் தர்மன் தன் ஸ்டுடியோவிலேயே அதைச் சொல்லிவிட்டார். "லேடீஸ் சைடு நீ பாத்துக்கோம்மா. மெயின் கேமரான்னா கூட்டத்துல இடிச்சுத் தள்ளி முன்னாடி நிக்கணும். தாலி கட்டறது ஒரு நிமிசம். தப்பிச்சுன்னா மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?" கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் வீடு வரும்வரை அஃப்சானா யார் முன்னாலும் கட்டைவிரலை நீட்டவில்லை. அப்படியொரு அஃப்சானாவை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஜோஸ்பின் வந்தாள். ஏரியூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஒரு தோழியின் நிக்காஹ்வுக்கு வந்தபோது பெண்கள் பக்கம் அஃப்சானா எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறாள். "என் கல்யாணத்தை முழுசா நீங்கதான்க்கா எடுக்கணும்" என்று பிடித்துக்கொண்டாள். இருவரும் பேசிக்கொண்டிருந்ததை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். அஃப்சானா சரி என்று சொல்லும் முன்பே நான் சரி சொல்லியிருப்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போனோம். ஜோஸ்பினின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் மரவள்ளியும் மஞ்சளும் போடும் விவசாயி. அம்மா ராஜமேரி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கூடவே மூக்குக் கண்ணாடியும் நொறுங்கிவிட்டது. எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று தெரு தள்ளி இருக்கும் மாதா கோயிலில் மகளின் கல்யாணம். செல்போனில் காட்டலாம் என்றால் கோயிலுக்குள் டவர் எடுக்காது.

ஸ்தனிஸ்லாஸ் எங்களை வெளியே அழைத்து வந்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஆல்பம் கீல்பமெல்லாம் பெருசில்ல பாப்பா. தாலி ஏறறப்ப எம்மவ மொகம் எப்படி இருந்துச்சுன்னு அவ பாக்கணும். அந்த ஒண்ணு கெடச்சாப் போதும்."

"கெடைக்கும்ப்பா" என்றாள் அஃப்சானா. சொன்ன வேகத்தில் ஜோஸ்பினை வெள்ளையடித்த சுவர் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுக்கப் போனாள். ஸ்ர்ர், ஸ்ர்ர். வழக்கம்போலப் பாடம் ஆரம்பித்துவிட்டது. "பாருங்கப்பா, வெறுஞ்செவுத்துல இதுக்குக் கண்ணே தெரியாது. ஒரு கோடு இருக்கணும். கோடு இருந்தா உசுரக் குடுத்துப் புடிச்சுக்கும்." கட்டைவிரல் நீண்டது. ஸ்தனிஸ்லாஸும் நீட்டி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, மிகவும் யோசனையோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலை கோயிலுக்குள் நுழைந்த அஃப்சானா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பையோடு அவள்மேல் முட்டிக்கொண்டேன். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் இடத்துக்குப் பின்புறம், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை ஒரு திரை தொங்கியது. வெள்ளையில் நீலமும் சிவப்புமாக, மேலிருந்து கீழே பட்டை பட்டையாகக் கோடுகள்.

"அக்கா" என்றாள் என் காதில். "இது எங்க வூட்டு மெத்தைத் துணி."

ஸ்தனிஸ்லாஸ் பட்டு வேட்டி சரசரக்க ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கோடு வேணும்னியே பாப்பா! உங்க வூட்டுக்காரரு கடைக்கே போயி எடுத்துட்டு வந்தேன். கோயில் சாமியாரு காலுல வுழாத கொறையாக் கெஞ்சிக் கட்டியிருக்கேன். உங்கிட்டச் சொல்ல வேணாம், பாத்து சந்தோசப்படட்டும்னு அவருதான் சொன்னாரு. போதுமா கோடு?"

"ரொம்பப் போதும்ப்பா" என்றாள் அஃப்சானா. சாதுவான சுபான் அந்த நேரத்தில் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

கோடு இருப்பது பிரச்சினையில்லை, அது பெண்ணுக்குப் பின்னால் இருப்பதுதான் பிரச்சினை. ஜோஸ்பின் உடுத்தியிருந்தது கரையில்லாத வெள்ளைப் பட்டு. முகத்தின்மேல் மெல்லிய வெள்ளை வலை முக்காடு. தாலி ஏறும்வரை அதை விலக்குவதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளைக்குப் பின்னால் பளிச்சென்று நிமிர்ந்து நிற்கும் பட்டைகள். கேமரா யாரைப் பார்க்கும்? அஃப்சானா ஒரு படம் எடுத்துக் கேமராவின் பின்பக்கத்தில் பார்த்தாள். மெத்தைத் துணியின் நூல்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. மணப்பெண் இட்லிப் பானை ஆவி மாதிரி நின்றிருந்தாள்.

"திரையக் கழட்டச் சொல்லிடு" என்றேன்.

"அவரு மொகத்தப் பாருங்கக்கா. எப்படிச் சொல்றது?"

சொல்ல நேரமும் இல்லை. சாமியார் வந்துவிட்டார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. பூசை முழுவதும் அவள் முன்வரிசையில் குனிந்தும் நகர்ந்தும் முயன்றபடியே இருந்தாள். தர்மன் சொன்னது போல யாரையும் இடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் ஜனம் தானாக வழிவிட்டது. ஆனால் கேமரா வழிக்கு வரவில்லை. நடுப்புள்ளியைப் பெண்ணின் முகத்தில் வைத்தாலும் வலையைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்ப் பட்டையைப் பிடித்தது. ஓரத்துப் புள்ளியும் அதே வேலையைச் செய்தது. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தாலும் லென்ஸ் முன்னும் பின்னும் போய்ப் பட்டையில்தான் நின்றது. கையால் வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். கோயிலுக்குள் வெளிச்சம் மங்கல், எங்கே தெளிவாகிறது என்று அவள் கண்ணுக்கே பிடிபடவில்லை. உதட்டைச் சுழித்து இல்லை என்று எனக்குத் தலையசைத்தாள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் அந்த அம்மாவின் நினைப்பு போகவேயில்லை.

சாமியார் தாலியை மந்திரித்து, மாப்பிள்ளை அந்தோணி பிரகாஷ் கையில் கொடுத்தார். அவன் வலைக்குள் கையை விட்டான்.

அஃப்சானா தலையைச் சாய்த்தாள். அந்தப் பட்டைகளையே பார்த்தாள். சட்டென்று என் பக்கம் திரும்பி, "கடை ஷட்டரு, அக்கா!" என்றாள். கோயில் என்பதையும் மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவள் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஓரத்துப் புள்ளியைப் பெண்ணின் முகத்தில் வைத்துவிட்டாள்.

திருப்பியபோது எனக்கும் விளங்கியது. நின்ற கோட்டை மட்டும் படிக்கிற ஓரத்துப் புள்ளி, கேமரா சாய்ந்ததும் படுத்த கோட்டை மட்டும் படிக்கிற புள்ளியாகிவிட்டது. அதற்கு இப்போது அந்த மெத்தைத் துணியே கிடையாது. எத்தனை பட்டை நின்றாலும் அது வெறுஞ்சுவர். ஆனால் ஒரு முகத்தில் எத்தனை படுத்த கோடுகள்! நெற்றியின் மேல் முடியோரம், புருவம், மூடிய இமை, உதடு. ஸ்ர்ர் என்ற சத்தம் வரவில்லை. கப்பென்று நின்றதை அவள் தோள் நிமிர்ந்ததில் கண்டேன். பிறகு விடாமல் சடசடவென்று எடுத்துக்கொண்டே இருந்தாள். முடிச்சு விழுந்தது. கைதட்டலில் கோயில் அதிர்ந்தது. நான் எதற்குக் கைதட்டினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வரும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வழிமறித்தார். தை மாதம் தன் மகள் கல்யாணம், முழுசாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எத்தனை நாளாக அவள் காத்திருந்த கேள்வி! "அக்காகிட்ட தேதி சொல்லுங்கண்ணா" என்று என்னைக் கைகாட்டிவிட்டு அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் தேதியை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் ஸ்தனிஸ்லாஸ் நின்றிருந்தார். "துணி வேல செஞ்சுச்சா பாப்பா?" அஃப்சானா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தத் துணி இல்லாட்டி இந்தப் படமே இல்லப்பா" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை.

வீட்டில் ராஜமேரி தனியாக ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். கோயில் மணிச் சத்தம் கேட்டிருக்கிறது. "ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அஃப்சானா கட்டிலருகே முட்டி போட்டு, படத்தைப் பெரிதாக்கி, வழக்கம்போல் கழுத்தோடு குனிந்து காட்டினாள். ராஜமேரி கண்ணைச் சுருக்கினார். "கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலியே சாமி" என்று கையை நீட்டி, கேமராவை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்சம் தள்ளினார். வார் இழுக்க அஃப்சானாவின் கழுத்தும் கூடவே போனது. இன்னும் தள்ளினார். கிட்டக் கொண்டுவந்தார். மறுபடி கொஞ்சம் தள்ளினார். முன்னே, பின்னே, முன்னே. அஃப்சானாவின் தலை அதோடு போய்ப் போய் வந்தது.

ஓரிடத்தில் கை நின்றது.

"ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா பாரு" என்றார் ராஜமேரி. "கடிக்காத, கடிக்காதன்னு காலையிலயும் சொல்லித்தானே அனுப்புனேன்."

அதற்கப்புறம் அந்தக் கை அசையவில்லை, கேமராவை விடவும் இல்லை. வெளியே ஊர்வலத்தின் மேளச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதைப் படம் எடுக்கப் போக வேண்டும். அஃப்சானா மெல்லத் தன் தலையை வாரிலிருந்து விடுவித்துக்கொண்டாள். தலையணையிலிருந்து ராஜமேரியின் தலையை ஒரு கையால் லேசாகத் தூக்கி, அந்த வாரை அவர் கழுத்தில் போட்டாள்.